பட்டிமன்றத்துத் தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லை

ஆடி மாதம் எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய நாள் இரவு பட்டிமன்றம் வைத்திருந்தார்கள். வாழ்க்கை யாருக்குக் கடினம், ஆணுக்கா பெண்ணுக்கா என்பது தலைப்பு. இரண்டு மணி நேர வாதத்துக்குப் பிறகு, இருவருக்கும் சமம் என்று நடுவர் தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பு எனக்கு ஏற்புடையதாக இல்லை. அதைவிட, ஆண்கள் அணியினர் பேசும்போது பெண்கள் பக்கத்திலிருந்துதான் கைதட்டல் அதிகமாக எழுந்தது என்பது இன்றுவரை என் மனத்தை விட்டு அகலவில்லை. ‘ஆம்பளைங்கதான் பாவம், வெளியில போய் எவ்ளோ கஷ்டப்படறாங்க’ என்று என் பக்கத்தில் அமர்ந்திருந்த அக்கா முழு மனத்தோடு சொன்னார். அவர் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தவர் என்பது எனக்குத் தெரியும்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று யோசிக்கும்போதெல்லாம் என் அம்மாவின் நினைவு வருகிறது. குடியாத்தத்தைச் சுற்றியுள்ள பல்லாயிரம் பெண்களைப் போல அம்மாவும் பீடி சுற்றியவர். இரவில் இலையை நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைப்பார். காலையில் சமையலை முடித்ததும், தகட்டை அளவாக வைத்து இலையைக் கத்தரித்து, முறத்தை மடியில் ஏந்தி உட்கார்ந்துவிடுவார். தூளை இட்டு உருட்டி, தலையை மடக்கி, நூலால் கட்டுவது மூச்சுவிடுவது போல நடக்கும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதுதான் கூலிக் கணக்கு. இருபத்தைந்து பீடி ஒரு கட்டு என்றால் ஆயிரத்துக்கு நாற்பது கட்டு. மாலையில் கடையில் கொண்டுபோய்க் கொடுக்கும்போது சரியில்லை என்று ஒதுக்கித் தள்ளிய பீடிக்குக் கூலி கிடையாது. கணக்கெடுப்புக்கு வந்தவர் ஒருமுறை, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். மடியில் முறம் இருக்க, விரல் நிற்காமல் ஓட, அம்மா சொன்ன பதில் இதுதான்: ‘ஒண்ணுமில்லீங்க, ஊட்ல சும்மாதான் கீறேன்.’

எழுதிக்கொண்டு போனவரை நான் குறை சொல்லவில்லை. சொன்னதை எழுதினார். ஆனால் பொதுமக்கள் கருத்து என்று நாம் சொல்வது இப்படிப்பட்ட பதில்களின் தொகுப்புதான் என்பதை மறக்கக் கூடாது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2019 இறுதியிலும் 2020 தொடக்கத்திலுமாக இந்தியாவில் ஏறத்தாழ 30,000 பேரிடம் கருத்துக் கேட்டு, 2022-இல் வெளியிட்டது. மனைவி எப்போதும் கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதைப் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு ஏற்றுக்கொண்டார்கள். வேலை பற்றாக்குறையாக இருக்கும்போது ஆணுக்கே முன்னுரிமை என்பதைப் பத்தில் எட்டுப் பேர் ஒப்புக்கொண்டார்கள். அதே மக்களிடம், கடந்த ஓராண்டில் ஆண் என்பதாலோ பெண் என்பதாலோ நீங்கள் பாகுபாட்டை உணர்ந்தீர்களா என்று கேட்டபோது, ஆம் என்றவர்கள் பெண்களில் 16 விழுக்காடு, ஆண்களில் 14 விழுக்காடு. கிட்டத்தட்டச் சமம். நடுவர் சொன்ன அதே சமம். கீழ்ப்படிவது தன் கடமை என்று நம்புகிறவளுக்கு அது பாகுபாடாகத் தெரிவதில்லை என்பதைத்தான் இந்த எண்களில் நான் காண்கிறேன்.

நிமிடக் கணக்கு எடுத்தால் வேறு விடை வருகிறது. ஒன்றிய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலை செய்கிற பெண் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறாள். செய்கிற ஆண் 88 நிமிடம். இதில் ஆண்களுக்குச் சொல்லப்படுவது வீட்டுவேலையில் ஈடுபடும் சிலரின் சராசரி மட்டுமே. வீட்டுவேலைப் பக்கமே போகாத பெருந்தொகையான ஆண்கள் இதில் சேரவில்லை. ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனி வேனைப் பிடிக்க இருட்டோடு சாலையோரம் நிற்கும் பெண்களைப் பார்த்தால் இது விளங்கும். அவர்கள் கையிலிருக்கும் சோற்று டப்பாவை அவர்களே கட்டியிருப்பார்கள். கணவனுக்கும் பிள்ளைக்கும் கட்டி வைத்துவிட்டும் வந்திருப்பார்கள்.

இனி, ஆண்கள் அணி சொன்னதில் உண்மை இல்லையா என்றால், நிச்சயமாக இருக்கிறது. அதை நான் லேசாகக் கடந்துபோக முடியாது, ஏனென்றால் என் நைனா தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், வேலை செய்தவர். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய பச்சைத் தோலைக் கையால் இழுத்துப் போட்டு இழுத்துப் போட்டு, அவர் விரலிடுக்கெல்லாம் வெந்து வெளுத்திருக்கும். சாப்பிடும்போது குழம்பு பட்டால் எரியும் என்பதால் கரண்டியால்தான் சாப்பிடுவார். ஏன் என்று நாங்கள் கேட்டால் பதில் சொல்ல மாட்டார். வலிக்கிறது என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். குடும்பத்துக்குச் சம்பாதித்துப் போட வேண்டியவன் ஆண் என்ற விதிதான் அவர்களை அவ்வளவு தூரம் கொண்டுவந்து அந்தச் சுவருக்குப் பக்கத்தில் படுக்க வைத்தது.

தற்கொலைக் கணக்கும் அப்படித்தான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கையில் உள்ள 1,70,924 மரணங்களில் ஏறக்குறைய 72 விழுக்காடு ஆண்கள். மொத்தத்தில் நான்கில் ஒருவருக்கும் சற்று அதிகமானோர் தினக்கூலிகள். கடன்காரன் வாசலில் நிற்கும்போது வீட்டுக்குள் அழ முடியாத ஆணின் நிலைமையை எள்ளி நகையாடுகிறவர்களோடு எனக்கு உறவில்லை. ஆனால் அதே அறிக்கையில், இறந்த பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இல்லத்தரசிகள் என்றும் இருக்கிறது. சும்மா வீட்டில் இருக்கிறார்கள் என்று எழுதப்பட்டவர்கள்.

அப்படியானால் சமம்தானே என்று கேட்கலாம். இல்லை என்பதே என் கருத்து. நைனாவின் துன்பம் பெரியது. ஆனால் அது துன்பம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர் வீட்டுக்குள் வரும்போது வெந்நீர் தயாராக இருந்தது. கயிற்றுக் கட்டில் வாசலில் போடப்பட்டிருந்தது. பிள்ளைகள் சத்தம் போடக் கூடாது என்று அம்மா எங்களை அடக்கினார். அம்மாவுக்கு அப்படி ஒரு கட்டில் போடப்பட்டதை நான் பார்த்ததில்லை. நைனா படுத்த பிறகு மறுநாள் இலையை நனைக்க அவர் எழுந்து போவார். களைப்புக்கு ஊரில் மதிப்பு இருந்தது ஒருவருக்கு மட்டும்தான். உழைப்பு இருவருக்கும் கடுமையாக இருந்த அந்த வீட்டில், ஓய்வு ஒருவருக்கு உரிமையாகவும் மற்றவருக்குக் கேட்டுப் பெற வேண்டியதாகவும் இருந்தது. அம்மா கேட்கவும் இல்லை. பெண்ணின் வாழ்க்கையே கூடுதல் கடினம் என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

மேடையில் ஒருவர், பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய், பஸ்ஸில் இலவசம், ஆண்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டுப் பலத்த கைதட்டல் வாங்கினார். நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் 2021-இலும், மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரிலும் வந்தவை. அந்தத் தொகைக்கு உதவி என்று பெயர் வைக்காமல் உரிமை என்று வைத்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். வீட்டுவேலையும் வேலைதான் என்று அரசு காகிதத்தில் எழுதியது என் அம்மா காலத்தில் நடந்திருந்தால், கணக்கெடுக்க வந்தவரிடம் அவர் வேறு பதில் சொல்லியிருப்பாரோ என்னவோ. தோல் ஷாப் தொழிலாளிக்குக் கையுறையும் பாதுகாப்பும் கேட்டு அந்தப் பேச்சாளர் குரல் கொடுத்திருந்தால் நானும் எழுந்து நின்று தட்டியிருப்பேன். அவர் அதைக் கேட்கவில்லை. பெண்ணுக்குக் கொடுத்ததைத்தான் எண்ணிக் காட்டினார்.

நடுவர் தீர்ப்பைச் சொல்ல எழுந்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. பெண்கள் பக்கம் நாற்காலிகளில் பாதி காலியாக இருந்தன. மறுநாள் தண்ணீர் விடும் முறை எங்கள் தெருவுக்கு. பக்கத்தில் அமர்ந்திருந்த அக்காவும் எப்போதோ எழுந்து போயிருந்தார். விடியற்காலையில் குழாயடியில் பார்த்தபோது அவரே கேட்டார்.

‘இன்னாம்மா டீச்சர், தீர்ப்பு இன்னா சொன்னாங்க?’

‘ரெண்டு பேருக்கும் சமம்னு சொன்னாங்க அக்கா.’

‘அப்படியா’ என்று குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். ‘தண்ணி நிக்கறதுக்குள்ள இன்னும் நாலு நடை போவணும். அப்புறமா பேசலாம்மா’ என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.