நெய்தானே மேடம், பால் இல்லையே!

பழனி, கொடைக்கானல் என்று மூன்று நாள் டூர். ஒன்றரை வயது மகளுக்குப் பால் அலர்ஜி. ஹோட்டல் ஹோட்டலாக ‘பால், தயிர், நெய், வெண்ணெய் எதுவும் கூடாது அண்ணா’ என்று சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். தலையாட்டிவிட்டுப் போனவர் கொண்டுவந்து வைத்த குட்டி தோசை நெய்யில் மினுமினுக்கிறது. கேட்டால், ‘நெய்தானே மேடம், பால் இல்லையே!’ நெய்யிலும் பால் புரதம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று அங்கே நின்று பாடமா எடுக்க முடியும்? சரி, பிஸ்கட் வாங்கலாம் என்று போனால், பாக்கெட்டின் பின்னால் எறும்பு சைஸில் ‘மில்க் சாலிட்ஸ்’. இதில் மாமியார் வேறு, பஞ்சாமிர்தத்தை விரலில் தொட்டு, ‘சாமி பிரசாதம், ஒண்ணும் ஆகாது’ என்று நாக்கில் தடவ வருகிறார். அதிலும் நெய்தான் அத்தை! அப்புறம் ராத்திரி முழுக்கத் தடிப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்வது யார்? மூன்று நாளும் பிள்ளை தின்றது வெறும் இட்லியும் மலைவாழைப்பழமும்.