ஹிண்டன்பர்க்கின் வெளித்துணி வாயுவை அடைத்து வைக்கவில்லை

1930களில் ஹைட்ரஜன் வாயுவின் உதவியால் மிதந்து பறந்த ஜெர்மன் வான்கப்பல் ஹிண்டன்பர்க். அதன் வெளித்துணிதான் ஹைட்ரஜனை அடைத்து வைத்திருந்தது, அதில் ஓர் ஓட்டை விழுந்தால் மொத்த வாயுவும் போய்விடும் என்று ஒரு பதிவு சொல்கிறது. அப்படி இல்லைங்க. வாயு இருந்தது உள்ளே வரிசையாக நின்ற 16 தனித்தனிப் பைகளில். டியூராலுமின் என்ற அலுமினியக் கலப்பு உலோகத்தாலான வளையங்களும் நீளவாட்டுச் சட்டங்களும் சேர்ந்த கூடுதான் வடிவத்தைத் தாங்கியது. மேலே இழுத்துக் கட்டிய துணி, காற்றும் மழையும் வெயிலும் பைகளைத் தாக்காமல் இருக்க உதவியது.

கப்பலுக்குள் எடுத்த 1930களின் படங்களைத் தேடிப் பாருங்கள். அடிப்பகுதியில் ஒடுங்கிய நடைபாதையில் பணியாளர்கள் சாதாரணமாக நிற்பார்கள். வெளித்துணிக்குள் முழுக்க ஹைட்ரஜன் என்றால் அங்கே மூச்சே விட முடியாது. பயணிகள் அறைகளும் அதே கூட்டுக்குள்தான் இருந்தன. குறுக்குவெட்டு வரைபடம் எதைப் பார்த்தாலும் இது தெரியும்.