பேங்க்ஸியா இல்லாமலே அவர் பெரிய ஆள்தான்

நேத்து ராத்திரியிலிருந்து அந்தக் காணொளியை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிட்டு இருக்கீங்க. "பேங்க்ஸி சிக்கிட்டார்"னு தலைப்பு, சிவப்பு வட்டம், வட்டத்துக்குள்ள த்ரீடி முகம். யாருன்னே காட்டிக்காம சுவர்ல வரையற பேங்க்ஸி, மாஸிவ் அட்டாக் இசைக்குழுவோட த்ரீடி, அதாவது ராபர்ட் டெல் நாயாதான்னு அது சொல்லுது. முழுசாப் பார்த்தேன். அவரோட கலையைப் பத்தி அதுல மொத்தமே ரெண்டு வாக்கியம். "சின்ன வயசுல சுவத்துல கிறுக்கியிருக்கார். அப்புறம் கம்ப்யூட்டர்ல பட்டன் தட்டற இசைக்கு வந்துட்டார்." அவ்ளோதான். நாப்பது வருஷ உழைப்பு ரெண்டு வாக்கியத்துல முடிஞ்சுது, மிச்சமெல்லாம் துப்பறியும் வேலை.

ராபர்ட் டெல் நாயா யாருன்னு தெரிஞ்சுக்க பேங்க்ஸி தேவையே இல்லை. இதை இந்தப் பதிவுல இன்னும் நாலு தடவை சொல்வேன், பொறுத்துக்கங்க.

1965-ல பிரிஸ்டல்ல பிறந்தவர். 80-கள் தொடக்கத்துல அந்த ஊர்ச் சுவர்கள்ல த்ரீடின்னு கையெழுத்துப் போட்டு வரைய ஆரம்பிச்சார், போலீஸ்கிட்டயும் மாட்டினார். 1985-ல அதே ஊர் ஆர்னோல்ஃபினி காட்சிக்கூடம் கிராஃபிட்டிங்கற சுவர் ஓவியத்தை உள்ளே கூப்பிட்டு வெச்சப்போ அதுல இவர் இருந்தார். பக்கத்துலயே வைல்ட் பஞ்ச்ங்கற டிஜே கூட்டத்தோட பாட்டு, ராப் இசை. அதுலிருந்துதான் மாஸிவ் அட்டாக். 1991-ல முதல் ஆல்பம் 'ப்ளூ லைன்ஸ்', 1998-ல 'மெஸ்ஸனைன்'. பேங்க்ஸியே என்ன சொல்லியிருக்கார் தெரியுமா? தான் சின்னப் பையனா இருந்தப்போ த்ரீடி தெருவெல்லாம் வரைஞ்சுக்கிட்டு இருந்தார், அவர் இசைக்குப் போனது ஊருக்கு நஷ்டம்னு. முன்னாடி நடந்தவரைப் பின்னாடி வந்தவரோட நிழலாக்கறதுதான் உங்க துப்பறியும் லட்சணம்.

"ஆதாரம் இருக்கே"ன்னு வருவீங்க. இருக்கு, பார்ப்போம். 2016-ல ஒரு பத்திரிகையாளர், மாஸிவ் அட்டாக் கச்சேரி நடந்த சில ஊர்களையும் அங்கே பேங்க்ஸி ஓவியம் முளைச்ச தேதிகளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினார். அந்த ஊர்கள் பலதும் எப்படிப்பட்டவை? லாஸ் ஏஞ்சல்ஸ், சான் பிரான்சிஸ்கோ மாதிரி. எந்தப் பெரிய குழுதான் அங்கே போகாது? எந்தச் சுவர் ஓவியன்தான் அங்கே வரைய ஆசைப்பட மாட்டான்? அடுத்த வருஷம் இசைக்கலைஞர் கோல்டி ஒரு பேட்டியில பேங்க்ஸியைப் பத்திப் பேசும்போது "ராப்"னு (ராபர்ட்டோட சுருக்கம்) ஒரு பேரை வாய்தவறி விட்டுட்டார். ராப்! பிரிட்டன்ல கல்லை விட்டெறிஞ்சா நாலு ராப் தலையில விழும். டெல் நாயா மறுத்துட்டார், பேங்க்ஸி நண்பர்னு மட்டும் சொல்லிட்டார்.

ஸ்டென்சில், அதாவது வெட்டின அட்டை வெச்சுப் பெயிண்ட் அடிச்சா பத்து நிமிஷத்துல ஒரு சுவர் முடியும், கச்சேரி முடிஞ்சு போய் அடிக்கலாமேன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். அடிக்கலாம். ஒத்துக்கறேன். ஆனா அந்தப் பத்து நிமிஷத்துக்கு முன்னாடி எத்தனை மணி நேரம் போகுதுன்னு கேட்டவருக்குத் தெரியுமான்னுதான் தெரியலை.

தடிச்ச அட்டையில ஒரு முகத்தை வெட்டிப் பாருங்க. கண்ணைச் சுத்தி வெட்டினதும் கண்மணி தனியா கீழே விழுந்துடும். அதைப் பிடிச்சு வைக்க மூணு நாலு மில்லிமீட்டர்ல ஒரு பாலம் விடணும். பாலத்தை எங்கே விட்டாலும் அது வரைபடத்துல கோடாத் தெரியும், அதனால நிழலோ சுருக்கமோ விழற இடமாப் பார்த்து மறைக்கணும். ரெண்டாவது நிறம் வேணும்னா ரெண்டாவது அட்டை. ரெண்டும் ஒண்ணுமேல ஒண்ணு உட்கார மூலையில குறி வைக்கணும். ரெண்டு மில்லிமீட்டர் நகர்ந்தா முகத்துக்கு ரெண்டு உதடு. ஸ்ப்ரே பெயிண்ட் கேனை ஒரு நிமிஷமாவது நல்லாக் குலுக்கணும், சுவத்துக்கு நேரா ஒரு சாண் தள்ளிப் பிடிக்கணும். கிட்டே போனா வழியும், சாய்ச்சா அட்டைக்கு அடியில பெயிண்ட் புகுந்து ஓரம் மங்கிடும். குளிர்ல கேனோட அழுத்தம் குறைஞ்சு துப்பித் துப்பி அடிக்கும். ஒரே அடியா நனைக்காம ரெண்டு மெல்லிய பூச்சு. முடிச்சதும் கேனைத் தலைகீழாப் பிடிச்சு வெறும் காத்து வர்ற வரைக்கும் அடிச்சாத்தான் அடுத்த தடவை மூக்கு அடைக்காது. இதுக்குப் பேர் கிறுக்கல்.

சரி, பட்டன் தட்டறதுக்கு வருவோம். எனக்கு உண்மையில வலிச்சது இதுதான்.

அந்தத் தலைமுறை ஹிப்ஹாப் ஆட்கள் கையில இருந்த சாம்ப்ளர்கள்ல (ஒலித் துண்டைப் பதிஞ்சு திரும்ப வாசிக்கற கருவி) ஒண்ணு எஸ்பி-1200, 1987-ல வந்தது. மொத்த நினைவகம் 10 நொடி. ஒரு துண்டு அதிகபட்சம் 2.5 நொடி. நிமிஷத்துக்கு 90 தாள அடி வேகத்துல நாலு அடி கொண்ட ஒரு சுற்று எவ்வளவு? 2.67 நொடி. அடங்காது! என்ன பண்ணாங்க? நிமிஷத்துக்கு 33 தடவை சுத்த வேண்டிய இசைத்தட்டை 45 தடவை சுத்தவிட்டுப் பதிவு பண்ணாங்க. 2.67 நொடி 1.98 ஆச்சு, உள்ளே போச்சு. அப்புறம் கருவிக்குள்ள அஞ்சு செமிடோனுக்கு (அரை ஸ்வரம்) கொஞ்சம் மேல சுருதியை இறக்கினா பழைய வேகம் திரும்பும். ஆனா பழைய சத்தம் திரும்பாது. 12 பிட், 26 கிலோஹெர்ட்ஸ்தான் அந்தப் பெட்டியோட ஒலிப்பதிவுத் தரம், அதனால மேல்பகுதி பளபளப்பு போய் மணல் மாதிரி ஒரு கரகரப்பு ஒட்டிக்கும். இன்னிக்கு அந்தக் கரகரப்பை வரவழைக்கவே தனியா மென்பொருள் விக்கறாங்க.

வெட்டற இடமும் முக்கியம். ஒலி அலை பூஜ்ஜியத்தைக் கடக்கற புள்ளியில வெட்டலைன்னா ஒவ்வொரு சுற்று முடிவுலயும் "டிக்"னு ஒரு சத்தம். ஸ்டென்சில் பாலம் மாதிரிதான், தப்பான இடத்துல வெட்டினா கேட்டுடும். அட்டைமேல அட்டை, ஒலிமேல ஒலி. ஒரே ஆள் ரெண்டையும் பண்ணதுல என்ன ஆச்சரியம்? ஆச்சரியப்பட வேண்டியது அவர் எவ்வளவு நல்லாப் பண்ணார்ங்கறதுலதான்.

"இப்போ லேப்டாப்ல எல்லாம் ஈஸி சார்." ஆமா, ஈஸிதான். பண்ணுங்க, கேக்கறேன்.

'அன்ஃபினிஷ்ட் சிம்பதி' பாட்டுல கீபோர்டு வயலின் பொய்யா ஒலிக்குதுன்னு, காரை வித்து நிஜ வாத்தியக் குழுவைக் கூப்பிட்டு வாசிக்க வெச்ச கூட்டம் அது. வில் மலோன் இசைக்கோவை, ஷாரா நெல்சன் குரல். பட்டன் தட்டினாப் போதும்னா கார் மிஞ்சியிருக்குமே?

இன்னொரு தரப்பு இருக்கு. "அடுத்தவன் சுவத்துல வரையறது குற்றம், அதுக்கு என்ன கொண்டாட்டம்?" நியாயமான கேள்விதான். வீட்டுக்காரர் கோபப்படறதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா கேக்கற நீங்க பேங்க்ஸி சுவர்னா மட்டும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் பலகை போட்டுப் பாதுகாக்கணும்ங்கறீங்க. ஏலத்துல கோடி தாண்டினா கலை, தாண்டலைன்னா கிறுக்கலா? 2010-ல டெல் நாயா வரைஞ்ச 'ஹெலிகோலேண்ட்' ஆல்பம் படத்தைச் சுரங்க ரயில் நிலையத்துல ஒட்டக்கூட லண்டன் போக்குவரத்து நிர்வாகம் விடலை. கிராஃபிட்டி மாதிரி இருக்காம். பெயிண்ட் வழியற தடத்தையெல்லாம் அழிக்கச் சொன்னாங்க. காசு கொடுத்து ஒட்டற விளம்பரத்துக்கே இந்த நிலைமை!

நான் எதுக்கு இவ்வளவு கோபப்படறேன்னு கேக்கலாம். காணொளியை லட்சம் பேர் பார்த்தாச்சு. அதுல ஆயிரம் பேராவது 'மெஸ்ஸனைன்' கேட்டிருந்தா நான் வாயை மூடிக்கிட்டு இருப்பேன். கமெண்ட்ல எல்லாருக்கும் முகம்தான் வேணும், கை வேணாம்.

அவரைப் பத்தி ஒரு காணொளிக்கு விஷயமா இல்லை? 2018-ல 'மெஸ்ஸனைன்' வந்து 20 வருஷம் ஆச்சு. சூரிக் ஈடிஹெச் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் அந்த ஆல்பத்தைச் சுமார் 15 மெகாபைட்டாச் சுருக்கி, 9,20,000 குட்டி டிஎன்ஏ இழைகள்ல எழுதி, கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி உருண்டைகளுக்குள்ள அடைச்சாங்க. அதைக் கருப்பு ஸ்ப்ரே பெயிண்ட்ல கலந்து கேனாவே வெளியிட்டாங்க. ஒரு கேன்ல ஆல்பத்தோட பத்து லட்சம் பிரதி. சுவத்துல அடிச்சா சுவரே ஆல்பம்.

இதைச் சொன்னா அடுத்த காணொளி என்ன தலைப்புல வரும்னு தெரியும்: "அந்தக் கேனை பேங்க்ஸி வாங்கினாரா?" தயவுசெஞ்சு எனக்கு அனுப்பாதீங்க.