43 செக்கனுக்கு முதல் நடந்தது

தண்ணி விளையாட்டுப் பூங்காவில நாங்க காத்து நிக்கக்குள்ள எடுத்த அந்த வீடியோவை எல்லாரும் பாத்திருப்பீங்க. இன்பொக்சில வந்து "இது உங்கட மாமாதானே?" எண்டு கேட்டவங்களுக்கு ஒரேயடியாச் சொல்றன். ஓம், அவர்தான். சிவப்புத் துவாயைத் தோளில போட்டுக்கொண்டு அங்க வேலை செய்யிற பெடியனுக்குச் சத்தம் போடுறவர் என்ட மனிசன்ட அப்பா, 68 வயசு. "கிழக்கால வாற ஆக்களுக்கு கியூவில நிக்கத் தெரியாது" எண்டு எழுதி அதைப் போட்டவரும் வேற ஆள் இல்ல, எங்கட ஊர்தான். கொழும்புக்குப் போய் நாலு வருசம்.

வீடியோ 43 செக்கன். அதுக்கு முதல் நாங்க நிண்ட ஒண்டே முக்கால் மணித்தியாலம் அதில இல்ல.

ராத்திரி பத்தரைக்கு மட்டக்களப்புக் கல்லடியில வேன் ஏறினம். ஹபரணையில தேத்தண்ணி. சின்னவள் ரெண்டு தரம் சத்தி. விடிய கேற் திறக்க முதலே போய் நிண்டம். சோத்துப் பார்சல் உள்ளுக்கு விடமாட்டாங்களாம், சரி எண்டு வேனிலயே வச்சிட்டுப் போனம். டிரைவர் தம்பிக்கு அண்டைக்கு எட்டுப் பார்சல். அதுக்கும் நாங்க ஒரு வார்த்தை பேசல்ல.

பன்னிரண்டரை போல விசில் அடிச்சு, அலைக்குளத்தில நிண்ட முழுப்பேரையும் வெளிய எடுத்தாங்க. ஏன் எண்டு தெரியாது. எவ்வளவு நேரம் எண்டும் தெரியாது. ஸ்பீக்கரில சிங்களத்தில மூண்டு தரம், இங்கிலீசில ஒரு தரம் என்னவோ சொன்னாங்க. பாட்டுச் சத்தத்துக்குள்ள, சிங்களம் தெரிஞ்ச எனக்கே "இன்னும் கொஞ்ச நேரத்தில" எண்டது மட்டும்தான் விளங்கினது. சீமெந்துத் தரை கொதிக்குது. சின்னவள் ஒரு காலைத் தூக்கி மத்தக் காலுக்கு மேல வச்சுக்கொண்டு கொக்கு மாதிரி நிண்டாள். மாமா தன்ட செருப்பைக் கழட்டி அவள்ட காலில மாட்டிப்போட்டு வெறுங்காலோட நிண்டார். இதை ஒருத்தரும் வீடியோ எடுக்கல்ல.

நிக்கிறது பிரச்சினையே இல்ல. ஏன் நிக்கிறம் எண்டு சொல்லாததுதான் பிரச்சினை.

நான் 14 வருசமா வங்கிக் கவுண்டரில இரிக்கிறவள். சிஸ்டம் விழுந்தா முன்னால நிக்கிற சனத்திட முகம் எப்பிடி மாறும் எண்டு எனக்குத் தெரியும். ஆரம்பத்தில நானும் தலையைக் குனிஞ்சு பேப்பர் அடுக்கிற மாதிரி நடிச்சவள்தான். மறுகா ஒரு ரெயினிங்கில, டேவிட் மைஸ்டர் எண்டவர் கியூவில காத்து நிக்கிறதைப் பற்றி 1985ல எழுதினதைப் பாடமா எடுத்தாங்க. காரணம் தெரியாமக் காத்திருந்தா நேரம் நீளும், எப்ப முடியும் எண்டு தெரியாட்டி இன்னும் நீளும், அநியாயம் நடக்குது எண்டு பட்டா அதைவிட நீளும். அண்டையில இருந்து சிஸ்டம் விழுந்தா எழும்பி வெளிய வந்து, "அம்மா, அரை மணித்தியாலம் ஆகும், சந்தைக்குப் போயிட்டு வாங்க" எண்டு சொல்லுவன். ஏசுறவங்க ஏசுவாங்க. ஆனா போயிட்டு வருவாங்க. இவ்வளவுதான் வேலை. இதுக்குக் காசு போகாது.

"ஏப்ரல் லீவில போனா சனம் நெரியும் எண்டு தெரியாதா?" எண்டு ஒரு அறிவாளி கேட்டிருந்தார். தெரியும் ஐயா. பள்ளிக்கூட லீவில போகாம, புள்ளையள் சோதினை எழுதுற கிழமையிலயா கூட்டிக்கொண்டு போற? சனம் எங்கயும்தான் நெரியும். கலிபோர்னியாவில டிஸ்னிலாண்ட் திறந்த அண்டைக்கு, 1955 யூலை 17, கள்ள ரிக்கற்றோட எல்லாம் புகுந்து 28,000 பேர் மட்டில. பைப் வேலைக்காரர் ஸ்ட்ரைக், குடிக்கிற தண்ணி ஒழுங்கா இல்ல. புதுசாப் போட்ட தார் வெயிலுக்கு இளகி, பொம்புளையள்ட குதிச் செருப்பு அதுக்குள்ள புதைஞ்சதாம். ஆனா அவங்க பழகினாங்க. ஒவ்வொரு சவாரி வாசலிலயும் இத்தனை நிமிசம் எண்டு பலகை வச்சாங்க. 1999ல பாஸ்ட்பாஸ் எண்டு நேரம் அடிச்ச துண்டு குடுத்தாங்க, அந்த நேரத்துக்குத் திரும்பி வந்தாச் சரி. 2021ல அதை நிப்பாட்டிப்போட்டுக் காசுக்கு விக்கத் தொடங்கினது வேற கதை. காசுள்ளவனுக்குப் பக்கத்துக் கேற் எல்லா நாட்டிலயும்தான்.

இஞ்சயும் அதுதான் நடந்தது. நாங்க வெயிலில நிக்க, கையில வேற நிறப் பட்டி கட்டின பத்துப் பேரைப் பக்கத்துக் கேற்றால உள்ளுக்கு விட்டாங்க. மாமா அதுக்கு முதல் நாலு தரம் தன்ட உடைஞ்ச சிங்களத்தில, "தம்பி, எத்தனை மணிக்கு எண்டு மட்டும் சொல்லு மகன்" எண்டு கேட்டவர். அங்க வேலைக்கு நிண்ட அந்தப் பெடியன் போனில இருந்து தலை நிமிரல்ல. வீடியோவில இரிக்கிறது அஞ்சாம் தரம்.

பெடியன் பாவம், சின்னச் சம்பளம் எண்டுறீங்க. சரி, பாவம்தான்.

கெட்ட வார்த்தை பேசினார்தானே எண்டா, பேசினார். ஒண்டு. அதுவும் தமிழில. அந்தப் பெடியனுக்கு விளங்கியிருக்காது. படம் எடுத்தவருக்குத்தான் நல்லா விளங்கியிரிக்கு.

"பாசிக்குடாக் கடற்கரை கிட்டத்தானே, அங்க போயிருக்கலாமே" எண்டவங்களுக்கு: வருசத்தில நாலு தரம் போறம். பாசிக்குடாவில சறுக்கு இல்ல எண்டு என்ட மகள்ட சொல்லிப் பாருங்க.

எங்களுக்கா கியூ தெரியாது? 1924ல கட்டின கல்லடிப் பாலத்தில ஒரு நேரத்தில ஒரு பக்கம்தான் போகக்கூடியதா இருந்தது. 2013ல புதுப்பாலம் திறக்கு மட்டும் அந்தப் பக்கத்து வாகனம் வந்து முடியட்டும் எண்டு நிண்டு வளந்த ஆக்கள் நாங்க. 2022ல காஸ் தட்டுப்பாட்டில மாமா வெறும் சிலிண்டருக்குப் பின்னால ரெண்டு ராத்திரி படுத்தவர், கையில பேனையால நம்பர் எழுதிக்கொண்டு. அப்ப சத்தம் போடல்ல. நம்பர் தெரியும், லொறி எப்ப வரும் எண்டு சொன்னாங்க. சொன்னாங்க!

தமிழில ஒருக்காச் சொல்லியிருந்தாலே போதும். தமிழும் அரசகரும மொழி எண்டு 1987ல அரசியலமைப்பின்ட 13ஆம் திருத்தத்தில எழுதியாச்சு. "அது அரசாங்கத்துக்கு, தனியாருக்கு இல்ல" எண்டு சட்டம் படிச்சவங்க வருவீங்க, வாங்க. ரிக்கற் காசு வாங்கக்குள்ள மட்டும் எங்கட பாசை அவங்களுக்கு நல்லா விளங்கினதே.

முறைப்பாடு சொன்னதுக்கு எட்டுப் பேருக்கும் இலவச ரிக்கற் தந்தாங்க. 30 நாளைக்குள்ள, வேலை நாளில மட்டும் செல்லுமாம். இஞ்ச இருந்து 300 கிலோமீற்றர்!

இதை வாசிக்கிற, வீடியோ போட்ட அந்தத் தம்பிக்கு: உங்கட பேரை நான் எழுதல்ல, எழுதவும் மாட்டன். வீடியோவை அழிச்சுவிடுங்க. மாமா தினமும் விடியச் சந்திக் கடையில போய்த்தான் தேத்தண்ணி குடிக்கிறவர். வெள்ளிக்கிழமையில இருந்து வீட்டிலயே ஊத்தித் தரச் சொல்றார்.