பெயரைத் திருத்தினால் ஒலித்தரம் குறையாது

தமிழ்ப் பெயர் சிதைந்து தெரியும் எம்பி3 கோப்பில் ஒலியும் கெட்டிருக்கும் என்றும், பெயரைத் திருத்திச் சேமித்தால் தரம் மேலும் குறையும் என்றும் சிலர் சொல்வது சரியன்று. பாடல் பெயரைத் தாங்கும் ஐடி3 குறிச்சொல் ஒலித் தரவுக்கு வெளியே தனிப் பகுதியாக இருப்பதால், அதைத் திருத்தும்போது ஒலி மறுபடி அமுக்கப்படுவதில்லை. சிதைவுக்குக் காரணம் எழுத்துக் குறியாக்கமே, அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையே. ஐடி3 முதற் பதிப்பில் தலைப்புக்கு 30 பைட்டுகள்தான் உண்டு. எல்லா மொழி எழுத்துகளுக்குமான யூனிகோடு என்ற பொதுமுறையின் யூடிஎஃப்-8 வடிவிலோ 'கி' என்ற ஓரெழுத்துக்கே 6 பைட்டுகள் வேண்டும்; எனவே நீண்ட தமிழ்ப் பெயர் இடையில் அறுந்துவிடும். அதைவிட, கொழும்பில் நம்மிடமுள்ள பழைய கோப்புகள் பலவற்றில் பெயர்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைக்கும் பாமினி என்ற எழுத்துரு முறையில் தட்டச்சு செய்யப்பட்டிருப்பதால், இசை இயக்கிகள் அவற்றை ஆங்கில எழுத்துகளாகவே காட்டுகின்றன. என் தந்தையார் வெள்ளவத்தை வீட்டில் சேர்த்துவைத்த பாடல்களின் பெயர்களை யூனிகோடுக்கு மாற்றி, ஐடி3-இன் 2.3 பதிப்பில் யூடிஎஃப்-16 என்ற யூனிகோடின் மற்றொரு வடிவில் சேமித்தேன். ஒலி சற்றும் மாறவில்லை. தயவுசெய்து அத்தகைய கோப்புகளை அழித்துவிடாதீர்கள்.