அந்த டொங்கிளைக் கழட்டிப் போட்டுப் போங்கோ

கிளிநொச்சிக் கராஜ்களில எஞ்சின் லைற் பார்க்க ஸ்டியரிங்குக்குக் கீழ செருகிற மலிவு புளூடூத் டொங்கிள், வேலை முடிஞ்ச பிறகும் அங்கேயே கிடக்கு. ஏன் கழட்டோணும்? அது செருகிற ஓபிடி எண்ட பழுது பார்க்கிற சொக்கெற்றின்ர 16ஆம் பின்னில சாவியை எடுத்தாலும் 12 வோல்ற் நிக்கும். டொங்கிள் இரவு முழுக்க முழிச்சிருந்து பற்றரியைக் குடிக்கும். பாஸ்வேர்ட் பெரும்பாலும் 1234, இல்லாட்டி 0000. 6ஆம், 14ஆம் பின்னுகள் கான் வயர், அதாவது வாகனத்துக்குள்ள இருக்கிற கொம்பியூற்றர்கள் ஒண்டோட ஒண்டு கதைக்கிற லைன். செய்தியை ஆர் அனுப்பினது எண்டு கான் கேக்கவே கேக்காது. வெளிச்செய்தியை மறிச்சுப் பார்க்கிற கேட்வே இல்லாத பழைய வானெண்டால், ஏ9 ஓரம் எஞ்சினை ஓடவிட்டு நிக்கேக்க பக்கத்தில நிக்கிறவன்ர ஃபோன் எஞ்சின் கொம்பியூற்றரோட கதைக்கலாம். டொங்கிளில சின்ன லைற் மினுங்கினால் உடன இழுத்துக் கழட்டுங்கோ. ரெண்டு செக்கன் வேலை, அதுக்கும் பஞ்சியே!