அவர் இல்லாத இடத்தில் அது ஓடுமா?

தண்ணீரில் ஓடும் கார், எரிபொருளே இல்லாமல் என்றென்றைக்கும் சுற்றும் மோட்டார் என்று ஏதாவது ஒரு வீடியோ அடிக்கடி வந்துவிடுகிறது. "இவரை வளரவிட மாட்டார்கள்" என்று சிலர் ஆதங்கப்படுகிறார்கள். சிலர் முழுசாகப் பார்க்காமலே "ஃபிராடு" என்று தள்ளுகிறார்கள். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. ஆள் எளிமையானவரா, படிக்காத மேதையா என்பதெல்லாம் எனக்கு முக்கியமில்லை. நான் கேட்பது ஒன்றுதான். அந்தப் பொருளை அவரிடமிருந்து வாங்கிப்போய், அவர் இல்லாத இடத்தில் வேறொருவர் சோதிக்க முடியுமா?

1812-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் சார்லஸ் ரெட்ஹெஃபர் என்பவர் தானே சுற்றும் இயந்திரம் ஒன்றைக் காசு வாங்கிக்கொண்டு காட்டினார். மறு வருடம் நியூயார்க்கில் அதைப் பார்க்கப் போனவர்களில் நீராவிக் கப்பல் புகழ் ராபர்ட் ஃபுல்டனும் ஒருவர். சுழலும் சத்தம் சீராக இல்லை, யாரோ கையால் சுற்றுவதுபோல் ஏறி இறங்குகிறது என்பதை அவர் காது பிடித்துவிட்டது. பக்கத்திலிருந்த மரச்சட்டங்களைப் பெயர்த்தார். உள்ளே ஒரு நரம்புக் கயிறு. அது போய்ச் சேர்ந்த மேல்மாடி அறையில் ஒரு தாடிக்காரக் கிழவர் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு மரச்சட்டத்தைத் தொடவே கூடாது என்று யாராவது சொன்னால் எனக்குச் சந்தேகம் வரும்.

தண்ணீர்க் காருக்கு இவ்வளவுகூடத் தேவையில்லை. ஹைட்ரஜன் எரிந்து முடிந்த பிறகு மிஞ்சுவதுதான் தண்ணீர். அதை மறுபடி பிரிக்க எவ்வளவு ஆற்றல் செலவோ, எரிக்கும்போது அதற்கு மேல் ஒரு துளியும் திரும்பி வராது. நடைமுறையில் குறைவாகத்தான் வரும்.

இதையெல்லாம் வேடிக்கையாகப் பார்க்க முடியாமல் செய்தது ஏடிஇ 651. வெடிகுண்டைக் கண்டுபிடிக்கும் கருவி என்று ஒரு பிரிட்டிஷ்காரர் ஈராக்குக்கு ஆயிரக்கணக்கில் விற்றார். ஒரு கைப்பிடி, அதில் தளர்வாக ஆடித் திரும்பும் ஆன்டெனா, அவ்வளவுதான். பேட்டரிகூடக் கிடையாது. பிடித்திருப்பவரின் உடம்பிலிருக்கும் நிலைமின்சாரத்தில் வேலை செய்யுமாம்! பாக்தாத் சோதனைச் சாவடிகளில் அதை நம்பி வண்டிகளை விட்டார்கள். விற்றவருக்கு 2013-ல் பத்து வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது. அதற்குப் பிறகும் அந்தக் கருவி புழக்கத்தில் இருந்தது. 2016-ல் பெரிய குண்டுவெடிப்பு ஒன்று நடந்த பிறகுதான் அதைத் திரும்பப் பெறச் சொல்லி ஈராக் பிரதமர் உத்தரவிட்டார். குண்டுள்ள பெட்டி எது என்று தெரியாத ஒருவர் கையில் அதைக் கொடுத்துச் சில பெட்டிகளை முன்னால் வைத்திருந்தால், ஒரே மதியத்தில் குட்டு வெளிப்பட்டிருக்கும். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஆனால் தப்பாகப் போனதெல்லாம் மோசடி ஆகாது. 2023 ஜூலையில் அறை வெப்பநிலையிலேயே எந்தத் தடையும் இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள் என்று தென் கொரிய ஆய்வாளர்கள் எல்கே-99ஐ அறிவித்தார்கள். செய்முறையையும் வெளியிட்டார்கள். பல நாட்டு ஆய்வகங்கள் செய்து பார்த்தன. சில வாரங்களிலேயே விஷயம் தெரிந்துவிட்டது: அந்தப் பொருளில் மின்சாரத்துக்கான தடை சட்டென்று குறைந்ததற்குக் காரணம் அதில் கலந்திருந்த தாமிர சல்ஃபைடு. அவர்கள் அறிவித்தது உண்மையாகவில்லை, ஆனால் யாரும் சரிபார்க்கும்படி வழியைத் திறந்து வைத்தார்களே, அதற்காக அவர்களை மதிக்கிறேன்.

"ரைட் சகோதரர்களையும்தான் உலகம் நம்பவில்லை" என்பார்கள். உண்மைதான். காப்புரிமை, விற்பனை ஒப்பந்தம் என்று பயந்து, 1905 கடைசியிலிருந்து 1908 வரை அவர்கள் பறப்பதையே நிறுத்தி வைத்திருந்தார்கள். அதனால் ரகசியம் காப்பவரெல்லாம் போலி என்று நான் சொல்ல மாட்டேன். அந்த இடைவெளியில் அவர்களைச் சந்தேகப்பட்டவர்களையும் குறை சொல்ல மாட்டேன். 1908 ஆகஸ்டில் பிரான்சின் லெ மான் அருகே கூட்டத்தின் கண் முன்னால் சகோதரர்களில் ஒருவரான வில்பர் பறந்து காட்டினார். சந்தேகப்பட்ட பிரெஞ்சுக்காரர்களே அப்போது மனம் மாறி அவரைப் பாராட்டினார்கள்.